காந்தக் கருவி கிணற்று உப்பைப் போக்குமா?

கிணற்று நீர் உப்பாகிவிட்ட ஊர்களில் ஒரு கருவியைப் பற்றிய பேச்சு அடிக்கடி எழுகிறது. பம்புசெட்டிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாயில் காந்தம் பொருத்திய ஒரு துண்டைச் சேர்த்துவிட்டால் உப்பு நீர் நல்ல நீராகிவிடும், பயிர் செழிக்கும், தண்ணீர் மிச்சமாகும், உரச் செலவும் குறையும் என்று கருவி விற்க வருபவர்கள் சொல்கிறார்கள். மின்சாரம் வேண்டாம், மருந்து வேண்டாம், ஒரு முறை மாட்டினால் ஆயுளுக்கும் போதும் என்பது அவர்கள் கூறும் கூடுதல் சிறப்பு. விலையோ ஆயிரக் கணக்கில். பயிர் கருகுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் விவசாயிக்கு நகையை அடகு வைத்தாவது வாங்கிவிடலாமா என்று தோன்றுவது இயற்கை. அடகுக் கடைக்குப் போவதற்கு முன் இந்தக் கருவி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கொதிகலனுக்கு வந்த கருவி

நீரைக் காந்தத்தின் வழியே செலுத்தும் யோசனை வயலுக்காகப் பிறந்ததல்ல. ஆலைகளின் கொதிகலன்களில் தண்ணீர் காயும்போது உட்புறம் சுண்ணாம்பு கெட்டியாகப் படியும். வீட்டில் வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் பிடிப்பதும் இதுவே. இந்தப் படிவத்தைத் தடுப்பதற்காக பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த வெர்மைரன் என்பவர் 1945-ல் காந்தக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் சோவியத் நாட்டில் 1960-களிலும் 1970-களிலும் இது பற்றிப் பல ஆராய்ச்சிகள் நடந்தன. ஆலையிலிருந்து பாசனத்துக்கும் இந்தப் பேச்சு அங்கிருந்துதான் பரவியது.

கொதிகலன் விஷயத்திலேயே இன்னும் முடிவான தீர்ப்பு இல்லை. அயர்லாந்தில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த இரு விஞ்ஞானிகள், காந்தத்தின் வழியே சென்ற கடின நீரில் படியும் சுண்ணாம்பின் படிக வடிவம் ஓரளவு மாறுகிறது என்று 2000-ல் எழுதினார்கள். மறுபுறம், அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் விற்பனையில் இருந்த சில கருவிகளைச் சூடான குழாய்களில் பொருத்திச் சோதித்து 2001-ல் வெளியிட்ட அறிக்கையில், படிவம் குறையவில்லை என்று கண்டார்கள். சில நீரில், சில நிலைகளில் ஏதோ நடக்கிறது. எப்போது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

இங்கே விவசாயிகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 'உப்புத் தண்ணீர்' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை கலந்திருக்கிறது. பாத்திரத்தில் வெள்ளை படிய வைப்பதும், சோப்பு நுரைக்காமல் செய்வதும் சுண்ணாம்புச் சத்து. அது பயிருக்கு அவ்வளவு கெடுதல் அல்ல. சில சமயம் மண்ணுக்கு நல்லதும்கூட. இலை நுனியைக் கருக்குவதும், மண்ணை இறுக்கி வேரை மூச்சடைக்கச் செய்வதும் பெரும்பாலும் சோடியமும் குளோரைடும். காந்தக் கருவி உருவானது முதல் வகைக்கு. விற்கப்படுவதோ இரண்டாவது வகைக்கு.

எட்டு மூட்டை உப்பு

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். நீரில் உள்ள உப்பை, அந்த நீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதைக் கொண்டு அளக்கிறார்கள். பரிசோதனைச் சீட்டில் இது ஈ.சி. என்ற எழுத்துக்களோடு இருக்கும். ஈ.சி. 3 என்றால் ஒரு லிட்டரில் சுமார் 2 கிராம் உப்பு உள்ளது என்று கொள்ளலாம். ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குல உயரம் தண்ணீர் கட்ட ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் தேவை. அப்படியானால் ஒரே ஒரு தண்ணீரில் வயலுக்குள் போகும் உப்பு சுமார் 400 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டையில் எட்டு மூட்டை. பத்துத் தண்ணீர் கட்டினால் நான்கு டன்.

இந்த எட்டு மூட்டையை ஒரு கருவி நீக்குகிறது என்றால், நீக்கிய உப்பு எங்கேயாவது வெளியே வர வேண்டும். ஊரில் குடிநீருக்காக வைத்திருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அங்கே நல்ல நீர் ஒரு குழாயிலும், உப்பு மிகுந்த கழிவு நீர் மற்றொரு குழாயிலும் வரும். காந்தக் கருவியில் நீர் நுழைய ஒரு வாய், வெளியேற ஒரு வாய், அவ்வளவே. நுழைந்த உப்பு முழுவதும் அதே வாய் வழியாக வயலுக்குத்தான் போகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கருவிக்கு முன்னால் ஒரு லிட்டர், பின்னால் ஒரு லிட்டர் எடுத்துத் தனித்தனிப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சினால், அடியில் நிற்கும் உப்பு இரண்டிலும் ஒரே அளவாக இருக்கும். விற்பவரிடம் ஈ.சி. மீட்டர் இருந்தால் முன்னும் பின்னும் அளந்து காட்டச் சொல்லலாம். "உப்பு இருக்கும், ஆனால் அதன் குணம் மாறிவிடும்" என்று அவர் பதில் சொன்னால், அந்தக் குண மாற்றத்தை எப்படி அளப்பது என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்.

காந்தம் நீரை என்ன செய்கிறது?

நீர்த் துளிகள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன, காந்தம் அந்தக் கொத்துக்களை உடைத்துச் சிறிதாக்குகிறது, அதனால் வேர் எளிதாக உறிஞ்சுகிறது என்பது விளம்பரங்களில் காணப்படும் விளக்கம். நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பது உண்மை. ஆனால் அந்தப் பிடிப்பு ஒரு விநாடியை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் வரும் ஓரிரு பங்கு நேரமே நிற்கும். உடனே விட்டுவிட்டு வேறொன்றைப் பற்றிக்கொள்ளும். குழாயில் காந்தத்தைக் கடந்த நீர் வாய்க்காலில் விழுந்து, மடை திரும்பி, மண்ணில் இறங்கி வேரை அடைய மணிக் கணக்காகிறது. அதுவரை நீடிக்கக்கூடிய கொத்து எதுவும் தண்ணீரில் இல்லை.

மேலும் நீர், இரும்பைப் போலக் காந்தத்தால் இழுக்கப்படும் பொருள் அல்ல. மிக மிக லேசாக விலக்கப்படும் பொருள். காந்த வலிமையை டெஸ்லா என்ற அளவால் குறிப்பார்கள். குழாயில் மாட்டும் காந்தங்களின் வலிமை பெரும்பாலும் அரை டெஸ்லாவுக்கும் குறைவு. மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் இயந்திரத்தில் 1.5 டெஸ்லா இருக்கும். உடலில் பாதிக்கு மேல் நீரே உள்ள மனிதர் அதற்குள் அரை மணி நேரம் படுத்திருந்து எழுந்து வீட்டுக்குப் போகிறார். ஹாலந்து நாட்டில் நைமேகன் நகரில் 1997-ல் விஞ்ஞானிகள் சுமார் 16 டெஸ்லா காந்தத்தின் மேல் ஒரு உயிருள்ள தவளையை அந்தரத்தில் மிதக்க வைத்துக் காட்டினார்கள். தவளை உடம்பின் நீரைக் காந்தம் விலக்கியதால் நடந்த வேடிக்கை அது. கீழே இறக்கிய பின் தவளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்னொரு சின்ன விஷயம். பழைய இரும்புக் குழாயின் மேல் வெளியிலிருந்து காந்தத்தைக் கட்டினால், காந்த சக்தியில் பெரும் பகுதி குழாயின் இரும்பு வழியாகவே சுற்றிப் போய்விடும். உள்ளே ஓடும் நீரைச் சேர்வது சொற்பமே. இதைத் தெரியாமலே மாட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

ஆராய்ச்சிகள் சொல்வது

இதையெல்லாம் கேட்டு, எல்லாமே பொய் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. காந்த நீரால் பயிர் நன்றாக வளர்ந்ததாகப் பல நாடுகளிலிருந்து கட்டுரைகள் வந்திருக்கின்றன. எகிப்தில் கோதுமையிலும் கொண்டைக்கடலையிலும் மகசூல் கூடியதாக 2010 வாக்கில் எழுதினார்கள். ஆஸ்திரேலியாவில் மேற்கு சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மகேஸ்வரி, கிரேவால் என்ற இருவர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இவற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. விற்பவர்களின் துண்டுப் பிரசுரத்தில் இதன் ஒரு பகுதியை மட்டும் காணலாம். முழுவதையும் பார்ப்போம்.

கண்ணாடி வீட்டுக்குள் தொட்டிகளில் செலரிக் கீரை, தோலோடு சமைக்கும் பட்டாணி, சாதாரணப் பட்டாணி ஆகிய மூன்றையும் வளர்த்தார்கள். லிட்டருக்கு 3 கிராம் உப்புள்ள நீரைக் காந்தத்தின் வழியே விட்டு ஊற்றியபோது செலரியின் விளைச்சல் 23 சதவிகிதம் கூடியது. சுத்திகரித்த கழிவு நீரில் 12 சதவிகிதம். தோலோடு சமைக்கும் பட்டாணியில் 6 முதல் 8 சதவிகிதம். சாதாரணப் பட்டாணியில் எந்தப் பலனும் இல்லை. செடிகள் குடித்த தண்ணீரின் மொத்த அளவிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 23 சதவிகிதம் என்பது, காந்தம் படாத அதே உப்பு நீரோடு ஒப்பிட்டுச் சொன்னது; நல்ல நீரோடு ஒப்பிட்டதல்ல. வயலில் சோதித்துப் பார்த்த பிறகே எதையும் கூற வேண்டும் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

தொட்டிக்கும் வயலுக்கும் உள்ள தூரம் பெரிது. ஒரு பயிருக்குப் பலன், அதன் உறவுப் பயிருக்குப் பலன் இல்லை என்றால், அதற்கான காரணத்தை யாரும் விளக்க முடிய வேண்டும். இதுவரை ஒப்புக்கொள்ளப்பட்ட விளக்கம் இல்லை. காந்தத்தின் வலிமை, நீரின் வேகம், உப்பின் அளவு ஆகியவை ஆய்வுக்கு ஆய்வு மாறுவதால், ஒருவர் கண்ட பலனை மற்றொருவர் அப்படியே திரும்பக் காண்பதும் அரிதாக உள்ளது. பலன் இல்லை என்று கண்டவர்களில் பலர் அதைக் கட்டுரையாக எழுதுவதே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

விதையைக் காந்தத்துக்கு நடுவே வைத்து எடுப்பது வேறு விஷயம். டில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கொண்டைக்கடலை விதையை இவ்வாறு வைத்து எடுத்தபோது முளைப்பும் இளம் நாற்றின் வளர்ச்சியும் கூடியதாக 2008-ல் தெரிவித்தார்கள். அங்கே காந்தம் பட்டது விதைக்கு, தண்ணீருக்கு அல்ல. அதைக் காட்டிக் குழாய்க் கருவியை விற்பது பொருந்தாது.

பக்கத்து வயல் செழித்தது ஏன்?

"பக்கத்து ஊரில் ஒருவர் மாட்டினார், தென்னை தெளிந்துவிட்டது" என்று சொல்வதைப் பொய் என்று கூற வேண்டியதில்லை. தென்னை தெளிந்திருக்கும். ஆனால் கருவியை எப்போது வாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கோடை முற்றி, கிணறு அடியில் கிடந்து, நீரில் உப்பு உச்சத்தில் இருக்கும்போதே வாங்குகிறார்கள். அதற்குப் பின் ஐப்பசி, கார்த்திகை மழை வருகிறது. மழை நீர் மேல் மண்ணின் உப்பைக் கழுவிக் கீழே இறக்குகிறது; கிணற்றிலும் நீர் ஏறி உப்பின் வீரியம் குறைகிறது. தை மாதம் பயிர் பச்சைப் பிடித்து நிற்கும்போது பெயர் காந்தத்துக்குப் போய்விடுகிறது. பணம் போட்டவர் அந்த ஆண்டு வயலை இரண்டு முறை கூடுதலாகச் சுற்றி வந்து, எருவும் சற்றுத் தாராளமாகப் போட்டிருப்பார் என்பதும் நடப்பதே.

விற்பவர் கருவியை ஒரு போகம் இலவசமாகப் போட்டுப் பார்க்கச் சம்மதித்தால், அதைச் சரியான முறையில் சோதிக்கலாம். வயலின் ஒரு பாதி காந்த நீர், மறு பாதி சாதாரண நீர் என்று பிரிக்கக் கூடாது. எந்த வயலிலும் தலைமடைப் பக்கமும் கடைமடைப் பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே சீரான இடத்தில் எட்டுப் பாத்திகள் கட்டி, நாலுக்குக் காந்த நீர், நாலுக்குச் சாதாரண நீர் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும். விதை, உரம், நடவு நாள், தண்ணீர் விடும் நேரம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். அறுவடையின்போது எந்தப் பாத்தி எது என்று தெரியாத ஒருவரைக் கொண்டு எடை போட வேண்டும். சாதாரண நீர் விட்ட நாலு பாத்திகளுக்குள்ளேயே எடை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். காந்த நீர்ப் பாத்திகளின் வித்தியாசம் அந்த ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிட்டால் கருவியால் பலன் தெரியவில்லை என்று பொருள். இதற்குச் சம்மதிக்காத வியாபாரியிடம் மேலே பேச வேண்டியதில்லை.

உப்பு நீரை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்?

முதலில் நீரைப் பரிசோதிக்க வேண்டும். கருவியின் விலையோடு பார்த்தால் பரிசோதனைக் கட்டணம் ஒரு பொருட்டே அல்ல. உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி ஈ.சி. 0.7-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 3-க்கு மேலே போனால் பெரும்பாலான பயிர்களுக்குக் கடினம். இடையில் இருந்தால் பயிரைத் தேர்ந்து சாகுபடி செய்யலாம். பீன்ஸ், வெங்காயம், மிளகாய் ஆகியவை உப்பைத் தாங்கா. பருத்தியும் சோளமும் நன்கு தாங்கும். நெல்லில் களர் நிலத்துக்கென்று திருச்சியில் உருவாக்கப்பட்ட திருச்சி 1 போன்ற ரகங்கள் உண்டு. எந்தப் பயிரானாலும் முளைக்கும் பருவத்திலும் நாற்றுப் பருவத்திலும் உப்பு அதிகம் பாதிக்கும். பண்ணைக் குட்டையிலோ தொட்டியிலோ கொஞ்சம் மழைநீர் இருந்தால் அதை அந்தப் பருவத்துக்கு ஒதுக்கி, உப்பு நீரைப் பின்னால் பயன்படுத்தலாம்.

நீரில் வெறும் உப்பு மட்டும் அதிகமாக இருந்து, நிலத்தில் வடிகால் நன்றாக இருந்தால், பயிரின் தேவைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதலாகத் தண்ணீர் விட்டு உப்பை வேருக்குக் கீழே இறக்க வேண்டும். வடிகால் இல்லாத நிலத்தில் இதைச் செய்தால் கெடுதலே மிஞ்சும்.

சோடியம் கார்பனேட் மிகுந்த நீர் வேறு ரகம். இது மண்ணைக் களராக்கும். காய்ந்தால் கல்லாகவும் நனைந்தால் சேறாகவும் ஆகும். பரிசோதனைச் சீட்டில் ஆர்.எஸ்.சி. என்ற எண் 2.5-க்கு மேல் இருந்தால் இந்தக் கோளாறு உண்டு. இதற்கு மருந்து ஜிப்சம். ஏக்கருக்கு இரண்டு அங்குலத் தண்ணீர் ஒவ்வொன்றிலும் ஆர்.எஸ்.சி.-யை ஒரு எண் குறைக்கச் சுமார் 17 கிலோ சுத்தமான ஜிப்சம் தேவை. 5 உள்ளதை 2-க்கு இறக்க வேண்டுமானால் தண்ணீருக்கு ஒரு மூட்டைக்குச் சற்று மேல். சந்தையில் கிடைக்கும் ஜிப்சத்தில் மண் கலந்திருப்பதால் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீருக்குத் தண்ணீர் கலக்க முடியாதவர்கள் மொத்தக் கணக்கையும் சேர்த்து உழவின்போது நிலத்திலேயே இடலாம். ஜிப்சம் இட்ட பின் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதால் மண் இளகும்.

சொட்டு நீர்ப் பாசனம் வைத்திருப்பவர்களுக்குச் சுண்ணாம்பு உண்மையிலேயே தொல்லைதான், சொட்டுவான்கள் அடைத்துக்கொள்ளும். அதற்கும் காந்தத்தை நம்பிக் காத்திருக்கத் தேவையில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உரத் தொட்டி வழியாகச் செலுத்தி, கடைசிச் சொட்டுவானில் வரும் நீரின் கார அமில நிலை 4 அளவுக்கு வந்ததும் நிறுத்தி, ஒரு நாள் குழாயில் நிற்கவிட்டு, பிறகு குழாய் முனைகளைத் திறந்து நன்றாக அலசிவிட வேண்டும். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டுமே தவிர, அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது; தெறித்துக் கண்ணைக் கெடுத்துவிடும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் கேனை வைக்க வேண்டும்.

நீர் மாதிரி எடுப்பதற்கு முன் பம்புசெட்டை அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். சுத்தமான அரை லிட்டர் அல்லது ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, கழுத்து வரை நிரப்பி இறுக மூட வேண்டும். பெயர், ஊர், சர்வே எண், கிணறா ஆழ்துளைக் கிணறா, எத்தனை அடி ஆழம், என்ன பயிர் என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கட்டி, அன்றே அல்லது மறு நாளே மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும். கோடையில் ஒரு மாதிரியும் மழைக்குப் பின் ஒரு மாதிரியும் கொடுத்தால், கிணற்றில் உப்பு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது தெரிந்துவிடும்.